திமிர் பிடித்தவள் உட்கார்ந்த இடம்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கீழே வரவேற்புக் கூடத்தில் ஒரு சோபா கிடக்கிறது. நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள், சாம்பல் நிறத்தில், யாரும் உட்காராமலே பழசாகிக்கொண்டிருப்பது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேல் மாடியில் ஒரு வீட்டில் சமைக்க வருகிறவள். வீட்டுக்காரர்கள் வெளியே போய்விட்டுத் திரும்பத் தாமதமாகியிருக்கிறது. பூட்டிய கதவின் முன்னால் நிற்பானேன் என்று கீழே வந்து உட்கார்ந்திருக்கிறாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பின்னாலிருந்து படமெடுத்துப் போட்டு, கீழே ஒரு வரி: இவர்களுக்கெல்லாம் இப்போது ஆட்டிட்யூட் அதிகமாகிவிட்டது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

எனக்குக் கோபம் வந்தால் கைபேசியில் எழுத்துகள் எங்கெங்கோ போகும். அடித்து, அழித்து, மறுபடி அடித்து, கடைசியில் "சோபா காலியாகத்தானே இருந்தது?" என்று மட்டும் போட்டேன். அதற்குக் கீழே ஒருவர், தண்ணீர் லாரி இன்று எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்.

ஆட்டிட்யூட்! என்ன சோம்பேறித்தனமான சொல் பாருங்கள். திட்டுவதற்குக்கூட மெனக்கெடாதவர்களின் சொல். ஆட்டோக்காரர் கூப்பிட்ட இடத்துக்கு வராவிட்டால் ஆட்டிட்யூட், மருமகள் சிரிக்காவிட்டால் ஆட்டிட்யூட், வீட்டுப் பூனை கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அதற்கும் ஆட்டிட்யூட். பெங்களூர் அல்சூரில் எங்கள் பழைய வீட்டில் இதையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கியிருந்தால் அம்மா சிரித்திருப்பாள்.

அம்மா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவள். அவளிடம் ஒவ்வொரு வகைத் திமிருக்கும் தனிப் பெயர் இருந்தது. மளிகைக் கடைக்காரர் பருப்பைத் தரம் பிரித்து வைக்கிற மாதிரி பிரித்து வைத்திருந்தாள். எதிர் வீட்டுக்காரர்கள் ஃபிரிட்ஜ் வாங்கி, அதைச் சமையலறையில் வைக்காமல் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி முன் அறையில் வைத்தார்களே, அது பவுசு. அந்த வீட்டுப் பையன் துபாய்க்குப் போகப்போகிறேன், போகப்போகிறேன் என்று வருடக்கணக்கில் சொல்லித் திரிந்தது ஜம்பம். பெரியப்பா மகள் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டது ராங்கி. நான் எதிர்த்துப் பேசினால் வாய்க்கொழுப்பு, பேசாமல் எழுந்து போனால் மண்டைக்கனம். கூப்பிட்டது காதில் விழுந்தும் ஆற அமர வந்தால் தெனாவட்டு. கேட்டதற்கு இடக்காகப் பதில் சொல்லிச் சிரித்தால் எகத்தாளம். நல்ல மார்க் வாங்கிய வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை என்பாள். மார்க் குறைந்த வாரம் அதே நடையைப் பார்த்து, "வாங்கின மார்க்குக்கு இன்னா மிதப்பு பாரு நடையில" என்பாள். இரண்டு வாரமும் நடை ஒன்றுதான். எனக்குத் தட்டைப் பாதம், வேறு மாதிரி நடக்க வராது.

அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. கன்னடத்தில் எழுதி, தமிழில் படித்து, இரண்டிலும் சண்டை போடத் தெரியாமல் வாழ்ந்தவர். அவரிடம் இருந்தவையெல்லாம் புத்தகச் சொற்கள். அகம்பாவம், மமதை, இறுமாப்பு. அவற்றை மேலதிகாரிகளுக்கு மட்டும் வைத்திருந்தார். ஆணவம் என்ற சொல்லைச் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார். அம்மாவின் சொற்கள் தெரு முழுக்கக் கேட்கும். அப்பாவின் சொற்கள் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

இதில் ஒரு அநியாயம் இருக்கிறது என்று எனக்குச் சின்ன வயதிலேயே பட்டது. தம்பியும் என்னைப் போலத்தான் எதிர்த்துப் பேசுவான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். அவனுக்கு அம்மா வைத்திருந்த பெயர் ரோஷம். "அவன் ரோஷக்காரன்டி, ஒரு சொல்லு தாங்க மாட்டான்" என்று பெருமையாகவே சொல்வாள். நான் தட்டைத் தள்ளினால் கொழுப்பு. ஒரே தட்டு, ஒரே ரசஞ்சோறு. "ஏம்மா, அவன் தள்னா ரோஷம், நான் தள்னா கொழுப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "இதோ, இதுக்குப் பேர்தான் வாய்க்கொழுப்பு" என்றாள். அதற்கு மேல் என்ன வாதாடுவது சொல்லுங்கள்.

கொழுப்பு என்ற அந்தச் சொல்லைப் பற்றிப் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மாள் தன் மகளைத் திட்டும்போது கொப்பு என்பார், சில நாள் சொக்கு, அதாவது திமிர், என்பார். கொப்பு என்றால் அவர்களுக்கும் கொழுப்புதான். தமிழில் இன்னும் வெளிப்படையாகவே கேட்பார்கள்: தின்ன சோறு செரிக்கவில்லையா என்று. அதாவது, நீ வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறாய், அதனால்தான் நிமிர்ந்து நிற்கிறாய், அரை வயிறாக இருந்திருந்தால் குனிந்திருப்பாய். இது யார் கண்டுபிடித்த சொல்லாக இருக்கும்? சாப்பிடுகிறவர்கள் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். சோறு போடுகிற இடத்தில் இருந்தவர்கள், அதைச் சாப்பிட்டவர்களைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். காலாகாலமாக நெய்யும் சோறுமாகச் சாப்பிட்டவரைப் பார்த்து உங்களுக்குக் கொழுப்பு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவருக்கு என்று வேறு சொற்கள் இருக்கின்றன. மிடுக்கு, தோரணை, கம்பீரம். யாரோடும் பேசாவிட்டால், அவர் ரிசர்வ்ட் டைப்.

சோற்றைப் பற்றிப் பேசினால் எனக்குக் கம்பெனி பஸ்ஸின் வாசனை வந்துவிடும். டிபன் பாக்ஸுக்குள் வேர்த்துப் போன சித்ரான்னம், கூட்டத்தில் நசுங்கிய மல்லிகை, டீசல், வெயிலில் காய்ந்த ரெக்ஸின். இந்த நான்கும் சேர்ந்த வாசனையை இன்றைக்கு எங்கே முகர்ந்தாலும் என் வலது கை தானாக மேலே போகும், கம்பியைப் பிடிக்க.

நான் முதன்முதலில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த தொழிற்சாலை ஓசூர் ரோட்டில் இருந்தது. மின்சார மீட்டர்கள் செய்வார்கள். பெயர் எதற்கு, விடுங்கள். ஊருக்குள் நாலு பக்கமும் கம்பெனி பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் பஸ் பிரேசர் டவுனில் கிளம்பி அல்சூர் வரும்போதே நிறைந்துவிடும். அல்சூரில் ஏறுகிற நாங்கள் ஓசூர் ரோடு வரை நின்றுகொண்டேதான் போவோம். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது நெரிசலைப் பொறுத்து அதற்கு மேலும்.

நிறைந்துவிடும் என்று சொன்னது முழுக்க உண்மையில்லை. முன்னால் இரண்டு வரிசை சீட்டுகள் காலியாகவே இருக்கும். அவை ஆபீசர்களுடையவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளை டர்க்கி துண்டு விரித்திருப்பார்கள். ஆபீசர்களில் பாதிப் பேர் ஸ்கூட்டரில் வருவார்கள், மீதிப் பேருக்குக் கம்பெனி ஜீப் போகும். எங்கள் பஸ்ஸில் தவறாமல் ஏறிய ஒரே ஆபீசர், டெபுடி என்று நாங்கள் கூப்பிட்ட துணை மேலாளர். அவரும் எங்களுக்கு அப்புறம் தொம்மலூரில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, இங்கிலீஷ் பேப்பரை விரித்துக்கொள்வார். மற்ற சீட்டுகளில் துண்டுகள் உட்கார்ந்து வரும். நாங்கள் நின்று வருவோம். யாரும் உட்காராத அந்தத் துண்டுகளை வாராவாரம் எடுத்து வெளுத்துக் கொண்டுவந்து விரிப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்படி ஒரு விதி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பஸ்ஸில் பலகை கிடையாது. நான் பர்சனல் பிரிவில் இருந்தவள், கம்பெனியின் சுற்றறிக்கைகள் எல்லாம் என் கையால் அடித்தவை, ஒன்றில்கூட இது இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முதல் நாளே லீலா மேடம் சொல்லிக் கொடுத்துவிட்டார். அவர் கணக்குப் பிரிவில் சீனியர். அவர் குடும்பம் பெங்களூருக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். நான் ஏறியதும் முன் சீட்டைப் பார்த்து நகர்ந்தபோது கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏய், அங்க பேடா. அது ஆபீசருங்க சீட்டு."

"யாரும் இல்லையே மேடம்?"

"இல்லன்னாலும் அவங்க சீட்டுதாம்மா."

அவரும் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். அப்படியே வருடக்கணக்கில் நின்று வந்தவர் அவர்.

ஜெசிந்தா சுருள் சுற்றும் பிரிவில், காயில் வைண்டிங் என்பார்கள், அதில் வேலை பார்த்தாள். மெல்லிய செம்புக் கம்பியை அறுந்து போகாமல் சுற்றுகிற வேலை, பெண்களை மட்டும்தான் அதில் போடுவார்கள். அல்சூரில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அப்பா இல்லை. அம்மா ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். படிக்கிற தங்கைகள் இருந்தார்கள். ஜெசிந்தா அப்போது தற்காலிகத்தில் இருந்தாள். அந்த வருடக் கடைசியில் கன்ஃபர்ம் ஆகிவிட்டால் ஓய்வு பெறும் வரை வேலை, வீட்டில் எல்லோருக்கும் வைத்தியச் செலவு, தங்கைகளுக்குப் புத்தகச் செலவு எல்லாம் கம்பெனியுடையது. அந்த வீடே அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. என்னைவிடக் கொஞ்சம் பெரியவள் என்றாலும் அக்கா என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. புரட்சிக்காரியெல்லாம் இல்லை. பையில் எப்போதும் வறுத்த கடலை வைத்திருப்பாள், யூனியன் கூட்டம் என்றால் கடலை தீர்வதற்குள் எழுந்து வந்துவிடுவாள். நானும் அவளும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசியபடி போவோம்.

ஒரு நாள் காலை அவள் முன் கதவில் ஏறினாள். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள், நான் பின் படிக்கட்டில் தொற்றிக்கொண்டிருந்தேன், கழுத்தை நீட்டிப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. அன்றைக்கு மழை இல்லை, அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, யாரோடும் சண்டை இல்லை. முன் சீட்டு ஒன்றின் மேலிருந்த துண்டை எடுத்தாள், நன்றாக மடித்தாள், சீட்டின் முதுகில் போட்டாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

பஸ்ஸுக்குள் ஒவ்வொரு மொழியாகக் கிளம்பியது. லீலா மேடம்தான் தொடங்கினார். "இன்னா திமிர் பாரு இவளுக்கு." அவருக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டோர்ஸ்காரர், "ஏன் சொக்கு நோடி!" என்று அதையே கன்னடத்தில் சொன்னார். டிரைவர் அமீர் பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கியா நக்ரா", என்ன பிகு, என்று உருதுவில் சொல்லித் தலையை ஆட்டினார். பின்னாலிருந்து ஏத்தம் என்று ஒரு குரல், கண்ணு தலைக்கு மேல ஏறிப்போச்சு என்று இன்னொரு குரல். தொம்மலூரில் டெபுடி ஏறினார். அவருடைய சீட்டு காலியாகத்தான் இருந்தது. அதில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, பேப்பரைப் பார்த்தே "வாட் சீக்", என்ன துடுக்கு, என்று இங்கிலீஷில் சொன்னார். ஒரு பெண் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்ததற்கு அந்தப் பஸ்ஸில் நாலு மொழியிலும் சொல் தயாராக இருந்தது. காலி சீட்டுக்குத் துண்டு விரித்து ஆட்களை நிற்க வைத்துக் கூட்டிப்போகிறதற்கு ஒரு மொழியிலும் சொல் இல்லை. அதற்கு வழக்கம் என்று பெயர்.

நடுவில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஸ்டோர்ஸ்காரர் நல்ல மனிதர். அவர் குனிந்து மெதுவாக, "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டார். பஸ் முழுக்க அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஜன்னலைத் திறந்து விட்டிருப்பார்கள், யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்கள். அவள், "இல்லண்ணா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

அன்று மத்தியானமே டெபுடியிடமிருந்து புகார் வந்துவிட்டது. எங்கள் வெல்ஃபேர் ஆபீசர் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னைச் சுருக்கெழுத்து எடுக்க உள்ளே உட்கார வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருக்கலாம்.

"நோடம்மா ஜெசிந்தா," என்று தொடங்கினார். "இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. கால் வலின்னு ஒரு வார்த்த சொல்லு. நான் அப்படியே எழுதிக்கிறேன். முடிஞ்சுது."

"கால் வலிக்கலியே சார்."

"சரி, இடுப்பு?"

"இடுப்பும் வலிக்கல சார்."

"லேடீஸ் ப்ராப்ளம் ஏதாவது... நான் கேக்க மாட்டேன், நீ தலையாட்டினா போதும்."

அவள் தலையாட்டவில்லை.

"அப்போ ஏம்மா உக்காந்தே?"

"சீட்டு காலியா இருந்துச்சு சார்."

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். அவளை அல்ல, என்னைப் பார்த்து, "இஷ்டு அகங்கார பேடா" என்றார். இவ்வளவு அகங்காரம் வேண்டாமாம். சுருக்கெழுத்தில் இதையும் எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்துவிட்டேன். பிறகு அவரே அதை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கேன்டீனில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளுக்கு வேலை போய்விடுமே என்ற பதைப்பும் அதில் உண்மையாகவே இருந்தது. "கால் வலின்னு சொன்னா வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று லீலா மேடம் கேட்டார். ஜெசிந்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் அல்சூரில் இறங்கி ஏரிப் பக்கமாக நடக்கும்போது என்னிடம்தான் சொன்னாள்.

"வலிச்சா சொல்ல மாட்டனாப்பா? வலிக்காத காலப் போய் எதுக்கு வலிக்குதுன்னு சொல்லணும்? நல்லா இருக்கிறவ உக்காரக் கூடாதா?"

"வீட்ல அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா பயப்படறாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியவளின் குரல் அது. பயந்துபோன குரல். திமிர் என்றால் பயமில்லாமல் இருப்பது என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் அவள் அதே சீட்டில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். யாரும் எழுப்பவில்லை, எழுப்புவதற்கு விதி இல்லையே. அவளுக்குப் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. பின்னால் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார்கள், ஆனால் அந்தச் சீட்டுக்கு யாரும் வரவில்லை. வாரக் கடைசியில் நான் போய் உட்கார்ந்தேன். வீரத்தில் இல்லை. அவள் கடலையைத் தனியாகத் தின்றுகொண்டு போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, என் தட்டைப் பாதமும் ஒரு காரணம்.

எனக்குத் திமிர் என்ற பெயர் வந்ததா? அதுதான் இல்லை! வெல்ஃபேர் ஆபீசருக்கு அப்பாவைத் தெரியும். என்னைக் கூப்பிட்டு, "சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டே, சேர்க்கைய பார்த்து வெச்சுக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். லீலா மேடம் கன்னத்தைத் தட்டி, "தர்லே பண்ணாதே" என்றார். கன்னடத்தில் தர்லே என்றால் குறும்பு, குழந்தைகளுக்குச் சொல்வது. ஒரே பஸ், ஒரே வரிசை, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். குமாஸ்தா வீட்டுப் பெண் உட்கார்ந்தால் குறும்பு, ஜாக்கெட் தைக்கிற வீட்டுப் பெண் உட்கார்ந்தால் திமிர். எனக்கு வந்த அவமானத்தில் நான் அன்று சாப்பிடவே இல்லை. "தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்" என்று திரும்பப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

வருடக் கடைசியில் ஜெசிந்தாவை நிறுத்திவிட்டார்கள். நடத்தை திருப்தியாக இல்லை என்று காரணம். அந்த உத்தரவை நான் அடிக்கவில்லை. அன்று காலை என்னை வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டு வேறொருவரைக் கொண்டு அடித்தார்கள். அவளுடைய வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சூப்பர்வைசரே வந்து இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டார். சீட்டைப் பற்றி உத்தரவில் ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்? காலி இடத்தில் உட்கார்ந்தாள் என்று எழுதினால் எழுதுகிறவர்களுக்கே வெட்கமாக இருந்திருக்கும். நடத்தை என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த மாதிரிச் சொற்களின் வசதியே அதுதான், என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசி நாள் சாயங்காலமும் அவள் முன் சீட்டில்தான் வந்தாள். அல்சூரில் இறங்கும்போது அமீர் பாயிடம், "வரேன் பாய்" என்றாள். அவர் பஸ்ஸை உடனே எடுக்கவில்லை. அவள் ரோட்டைத் தாண்டும் வரை நிறுத்தி வைத்திருந்தார். பிறகு அத்திபெலேயில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தாள். கவர்மென்ட் பஸ்ஸில் போய்வந்தாள், அதில் காசு கொடுத்தவர்கள் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். தங்கைகளில் ஒருத்தி படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு மிஷினில் உட்கார்ந்தாள். அதைப் பற்றி ஜெசிந்தா என்னிடம் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். சில வருடங்களில் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அத்தோடு தொடர்பு விட்டுப் போய்விட்டது.

பஸ்ஸில் அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அவள் போன பிறகு கொஞ்ச நாள் நான் மட்டும் முன்னால் உட்கார்ந்து போனேன். ஒரு நாள் லீலா மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மம்மா, முட்டி பிடிச்சிக்கிச்சு" என்று சொல்லியபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டெபுடி பேப்பருக்கு மேலாகப் பார்த்தார், முட்டி வலி என்று தெரிந்ததும் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். மறுவாரம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுப் பெண்ணுக்கு இடுப்பு. அப்புறம் ஒருத்திக்குக் குளிர் காய்ச்சலுக்குப் பிந்திய களைப்பு. ஒருத்தி முழுகாமல் இருந்தாள், குழந்தை பிறந்து பால்குடி மறந்த பிறகும் அதே சீட்டில் வந்தாள். ஸ்டோர்ஸ்காரருக்குக்கூட முதுகு பிடித்துக்கொண்டது. அந்த வருடம் எங்கள் பஸ்ஸில் ஆரோக்கியமான ஆளே கிடையாது. ஒருவரையும் யாரும் திமிர் என்று சொல்லவில்லை. பாவம் என்றார்கள். அடுத்த வருடம் வலியைச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள், நேராக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு திங்கள்கிழமை சீட்டுகளில் துண்டு இல்லை. ஏன் இல்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. கம்பெனி பஸ்ஸும், பஸ் வரும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட அல்சூர்க் கடைக்காரரும் போய்விட்டார்கள். அம்மாவின் சொற்களும் அவளோடு போய்விட்டன. ராங்கி என்றால் என்ன என்று என் மகள் கேட்கிறாள், தெனாவட்டு என்று சொன்னால் சிரிக்கிறாள். இந்தச் சொற்களுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை, என் முதுகில் விழுந்தவைதானே பாதி.

ஆறு மாதத்துக்கு முன்னால் அல்சூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பழைய கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். லீலா மேடமும் வந்திருந்தார். இப்போது உண்மையாகவே முழங்கால் போய்விட்டது, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் உட்கார வைத்துக் கையை விடவே இல்லை. யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே வந்தோம்.

"ஜெசிந்தாவப் பத்தி ஏதாவது தெரியுமா மேடம்?" என்று கேட்டேன்.

"எந்த ஜெசிந்தா?"

"காயில் வைண்டிங்ல இருந்தாங்களே. முன் சீட்ல உக்காந்தாங்கன்னு..."

"ஓ, அவளா!" அவர் முகம் சட்டென்று சுருங்கியது. "திமிர் பிடிச்சவ. சும்மனே வேலையப் போக்கிக்கினா."

கல்யாண வீடு, வயதானவர் என்று எல்லாம் நினைத்துப் பார்த்து, குரலை இறக்கித்தான் சொன்னேன்.

"அவங்க உக்காந்ததாலதான மேடம் அப்புறம் நாம எல்லாரும் உக்காந்தோம். அதுக்கு முன்னாடி எத்தன வருஷம் நீங்க நின்னுக்கினே வந்தீங்க?"

லீலா மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வேறு யாருடைய கதையையோ அவரிடம் சொல்வதுபோலப் பார்த்தார்.

"நின்னுக்கினா? ஹௌதா? யாரு, நானா? இல்லம்மா, உனக்கு ஞாபகம் தப்பிப் போச்சு. நான் என்னிக்கும் முன் சீட்லதாம்மா வருவேன்."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தில் துளியும் கள்ளம் இல்லை. மருமகளைக் கூப்பிட்டு, "இவங்களும் நானும் ஜோடியா முன்னாடி உக்காந்து பேசிக்கினே வருவோம்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். அந்தப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்று வந்த வருடங்கள் எங்கேயோ போய்விட்டன. நின்றது யாருக்கும் நினைவில்லை, அவள் உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.